போர்வெல் லாரியின் டீசல் என்ஜினுக்குத் தானியங்கி நிறுத்த அமைப்பைப் பொருத்தும் முறை

திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் போர்வெல் லாரிகளில், என்ஜின் மிகக் கடுமையாக உழைக்கும் நேரத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இருப்பதில்லை. ஆபரேட்டர் வண்டியின் பின்புறம் ஹைட்ராலிக் லீவர்களுக்கு முன்னால் நிற்கிறார். உடனிருப்பவர்கள் ராடு எனும் துளைக்கம்பிகளை மாற்றுவதிலும் கேசிங் குழாய் இறக்குவதிலும் முனைந்திருக்கிறார்கள். கேபினுக்குள் ஆயில் பிரஷர் முள் மெல்லச் சரிந்தாலும், ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் முழுவதும் வழிந்துபோனாலும், அதைப் பார்க்கக் கண் இல்லை; டாஷ்போர்டு பஸ்ஸரின் ஒலி கம்ப்ரஸர் இரைச்சலில் யார் காதுக்கும் எட்டாது. மாறாத வேகத்தில், புழுதிக்கு நடுவே, இரவும் பகலும் ஓடும் இத்தகைய என்ஜினுக்கு ஆயில் பிரஷர், கூலன்ட் வெப்பம், கூலன்ட் அளவு ஆகியவற்றைக் கண்காணித்து, எல்லை மீறினால் தானே நிறுத்தும் ஓர் அமைப்பு அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே விளக்கப்படும் முறை, மெக்கானிக்கல் டீசல் பம்ப்பும் 24 வோல்ட் மின்னமைப்பும் உள்ள, பி.டி.ஓ. (என்ஜினின் சக்தியை வேறு இயந்திரத்துக்குத் திருப்பும் அமைப்பு) வழியாக ரிக் எனும் துளையிடும் இயந்திரத்தை இயக்கும் லாரிகளுக்கு உரியது. கம்மின்ஸ் 6பிடி போன்ற ஆறு சிலிண்டர் என்ஜின்களை மனத்தில் வைத்தே அளவுகளைக் குறிப்பிடுகிறேன். லாரியின் தளத்தில் கம்ப்ரஸருக்கெனத் தனி டீசல் என்ஜின் இருந்தால், அதற்கும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும். காமன் ரெயில் பம்ப்பும் கணினிக் கட்டுப்பாடும் உள்ள வண்டிகளில், குறிப்பாக 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில், இதைப் பொருத்தக் கூடாது. அவற்றின் ஈ.சி.யு.விலேயே (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்ஜின் பாதுகாப்பு நிரல் உள்ளது. அங்கே சென்சார் ஒயரை வெட்டி இன்னொரு கருவியை இணைப்பது பாதுகாப்பைக் குலைக்குமே தவிரக் கூட்டாது. நிரலைத் தேவைக்கேற்ப அமைத்துத் தரும்படி டீலரிடம் கேட்பதே சரியான வழி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே எந்த வண்டியானாலும் தயாரிப்பாளர் அமைத்த பாகத்தை நீக்காமல், கூடுதலாக மட்டும் பொருத்துங்கள். வாரண்டி இருந்தால் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.

காரணமில்லாமல் என்ஜினை நிறுத்தும் அமைப்பு வண்டியில் நீடிக்காது என்பதை வேலையில் இறங்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 600 அடி ஆழத்தில், காற்றழுத்தத்தால் பாறையை இடித்துத் துளைக்கும் ஹேமர் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் திடீரென நின்றால், காற்று நின்ற அந்தக் கணமே குழிக்குள் மிதந்துகொண்டிருந்த கல்தூள் கீழே இறங்கி ஹேமரைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், ராடு மாட்டிக்கொள்ளும். ஒரு தளர்ந்த ஒயரால் இப்படி இரண்டு முறை நேர்ந்தால், மூன்றாம் முறை யாராவது ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டு அமைப்பையே செயலிழக்கச் செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பொய் நிறுத்தம் ஏற்படாதபடி பொருத்துவதும், உண்மையான ஆபத்தில் தவறாமல் நிறுத்துவதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு நுணுக்கமும் இந்த நோக்கத்தைச் சார்ந்ததே.

சாலையும் வேலையும்

சாலையில் ஓடும் லாரியின் என்ஜின் தானாக நிற்கக் கூடாது. என்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கின் உதவி போய்விடும். பிரேக்குக்கான காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவிலோ, ரயில்வே கேட்டின் நடுவிலோ அது நேர்ந்தால், நாம் காப்பாற்ற நினைத்த பேரிங்கின் விலை ஒரு பொருட்டாகவே இராது. சாலையில் ஓட்டுநர் இருக்கையில் இருக்கிறார். அவருக்கு உரத்த எச்சரிக்கை கொடுத்து, வண்டியை ஓரங்கட்டும் முடிவை அவரிடமே விட வேண்டும். வேலைத் தளத்தில் மட்டும் அமைப்பே என்ஜினை நிறுத்த வேண்டும்.

இந்த இரு நிலைகளையும் கைச் சுவிட்சால் மாற்றும்படி வைத்தால் மறதி ஏற்படும். பி.டி.ஓ. லீவர் ஈடுபட்ட நிலையைக் காட்டும் ஒரு சுவிட்ச், பார்க்கிங் பிரேக் போடப்பட்டிருப்பதைக் காட்டும் ஒரு காற்றழுத்தச் சுவிட்ச் ஆகிய இரண்டையும் தொடராக இணைத்து, இரண்டும் ஒருசேர இருந்தால் மட்டுமே நிறுத்தும் அதிகாரம் அமைப்புக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள். இவற்றில் ஒன்று பழுதானால் பாதுகாப்பு ஓசையின்றி இல்லாமற்போகும் என்பதால், ஆபரேட்டர் நிற்கும் இடத்தில் ஒரு பச்சை விளக்கைப் பொருத்த வேண்டும். அது எரிந்தால்தான் அமைப்பு விழித்திருக்கிறது என்று பொருள். பச்சை விளக்கு எரியாமல் துளையிடத் தொடங்குவதில்லை என்பதை வண்டியின் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தேவையான பொருட்கள்

16 முதல் 32 வோல்ட் வரை தாங்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று தேவை. சார்ஜ் ஏறும்போது 24 வோல்ட் அமைப்பில் ஏறத்தாழ 28 வோல்ட் இருக்கும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 18 வரை தாழும். இரண்டு வேளையிலும் கருவி தடுமாறக் கூடாது. அத்துடன் டீசல் பம்ப்பின் ஸ்டாப் லீவரை இழுக்கும் சோலனாய்டு (மின்காந்த இழுப்பான்), ஆயில் பிரஷர் சுவிட்சுகள், வெப்பச் சுவிட்ச், கூலன்ட் அளவுச் சென்சார், 24 வோல்ட் ரிலேக்கள் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சுகள்), ஃபியூஸ் பெட்டி, சுழலும் சிவப்பு விளக்கு, ஹாரன், 4 சதுர மி.மீ. மற்றும் 1.5 சதுர மி.மீ. ஒயர், வெப்பம் தாங்கும் ஸ்லீவ், கிரிம்பிங் கருவி, மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்சை வாங்கும்போது, அழுத்தம் சரியாக இருக்கையில் தொடர்பு மூடியிருக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். டாஷ்போர்டு விளக்குக்கான சாதாரணச் சுவிட்ச் இதற்கு நேர்மாறானது. அதில் ஒயர் அறுந்தால் எல்லாம் நலம் என்றே கருவி எண்ணிக்கொண்டிருக்கும்.

தொடங்கும் முன்

லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மாஸ்ட்டை (ராடைத் தாங்கும் கோபுரம்) முழுவதும் கீழே படுக்கவைத்து, ஹைட்ராலிக் அழுத்தத்தை இறக்கிவிட்டு, என்ஜின் ஆறிய பிறகே கைவையுங்கள். பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ்) முதலில் கழற்றுங்கள். கடைசியில் மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். அதற்கு முன்பாக ஒரு வேலை உண்டு: என்ஜின் நன்கு சூடான நிலையில், ஐடிலிலும் (சுமையில்லாத தாழ்ந்த வேகம்) வேலை வேகத்திலும் ஆயில் பிரஷர் எவ்வளவு, கூலன்ட் வெப்பம் எவ்வளவு என்று ஒரு நல்ல கைமீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தேய்ந்த என்ஜினில் ஏற்கெனவே பிரஷர் குறைவாக இருந்தால், அமைப்பு பொருத்திய அன்றே அது நிறுத்தத் தொடங்கும். பழி அமைப்பின் மேல் விழும். முதலில் என்ஜினைச் சரிசெய்யுங்கள்.

ஆயில் பிரஷர்

இதுவே தலையாயது. ஆயில் அழுத்தம் இழந்த கிராங்க் பேரிங் சில நொடிகளில் கெடும்; நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் எட்டும் டர்போவின் தண்டு அதற்கும் முன்பே கெடும். இங்கே ஆபரேட்டருக்கு யோசிக்க நேரம் கொடுக்க இடமில்லை.

கம்மின்ஸ் 6பிடி என்ஜினுக்குக் குறைந்தபட்ச ஆயில் பிரஷர் ஐடிலில் 0.7 பார், அதாவது 10 பி.எஸ்.ஐ.; நிர்ணயித்த வேகத்தில் ஏறத்தாழ 2.1 பார், அதாவது 30 பி.எஸ்.ஐ. இந்த இரு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனியுங்கள். 0.7 பாரில் இயங்கும் ஒரே சுவிட்சை மட்டும் மாட்டினால், நிமிடத்துக்கு 1,800 சுற்றுகளில் பிரஷர் 1 பாருக்கு இறங்கியிருந்தாலும் அது வாய் திறக்காது. அந்த வேகத்துக்கு 1 பார் போதவே போதாது. ஆகவே இரண்டு சுவிட்சுகள் வேண்டும். 0.7 பார் சுவிட்ச் எல்லா வேகத்திலும் செயல்படட்டும். ஏறத்தாழ 1.4 பார் சுவிட்ச், என்ஜின் 1,500 சுற்றுகளைத் தாண்டிய பிறகு மட்டும் கணக்கில் வரட்டும். வேக சிக்னலை ஆல்டர்னேட்டரில் சுழற்சி வேகத்துக்கேற்பத் துடிப்பு தரும் டபிள்யூ (W) முனையிலிருந்து எடுக்கலாம். உங்கள் என்ஜினின் கையேடு வேறு எண் சொன்னால் அந்த எண்ணே இறுதியானது.

சுவிட்சை ஃபில்டருக்குப் பிந்தைய முதன்மை ஆயில் பாதையில் இணைக்க வேண்டும். அங்குள்ள அடைப்புத் திருகைக் கழற்றியதும் மரையை அளந்து பாருங்கள். 1/8 என்.பி.டி. மரையும் எம்10 மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதல் இரண்டு சுற்று இரண்டும் ஏறும். வலிந்து ஏற்றினால் பிளாக்கின் மரையே போய்விடும். பிட்ச் கேஜ் வைத்து உறுதி செய்த பிறகே திருகுங்கள். டெஃப்லான் டேப் சுற்றுவதாக இருந்தால், முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அதன் துணுக்கு ஆயில் பாதைக்குள் போகக் கூடாது. ஒற்றை ஒயர் சுவிட்சானால், டேப் எர்த் தொடர்பைத் தடுத்துவிட்டதா என்பதையும் மல்டிமீட்டரால் பாருங்கள்.

சுவிட்சுகளையும் மீட்டரையும் ஒரு பித்தளை டீயில் அடுக்கி, அதை நேராக என்ஜின் பிளாக்கில் தொங்கவிடுவது பல பட்டறைகளில் காணும் வழக்கம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அதிர்வில் அந்தப் பித்தளைக் கழுத்து ஒருநாள் முறியும். அழுத்தத்துடன் பீய்ச்சும் ஆயில் சூடான டர்போவின் மேல் பட்டால் வண்டியே தீப்பிடிக்கும். என்ஜினைக் காக்க வைத்த பொருளே அதை அழித்ததாகிவிடும். பிளாக்கிலிருந்து உலோகப் பின்னல் போட்ட ஹோஸ் ஒன்றைச் சேஸிஸ்வரை கொண்டுவந்து, அங்கே ஒரு தகட்டில் சுவிட்சுகளை வரிசையாக இறுக்குங்கள். ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கம் போகாமலும், எங்கும் உராயாமலும் கிளாம்ப் போடுங்கள்.

கூலன்ட்

வெப்பச் சுவிட்சை தெர்மோஸ்டாட்டுக்கு முன்பாக, ஹெட்டிலிருந்து சூடான நீர் வெளிவரும் இடத்தில் வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் வைத்தால், அது திறக்காமல் சிக்கிக்கொண்ட நாளில் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது. 97 டிகிரி செல்சியஸில் எச்சரிக்கையும் 103-இல் நிறுத்தமும் பொதுவாகப் பொருந்தும் எல்லைகள். இதிலும் கையேடே இறுதி.

ஆனால் வெப்பச் சுவிட்ச் மட்டும் போதாது. அதன் முனை நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் அது உண்மை சொல்லும். ஹோஸ் வெடித்து நீர் முழுவதும் வெளியேறினால், முனை வெறும் காற்றிலும் நீராவியிலும் நிற்கும். ஹெட் கொதித்துக்கொண்டிருக்கையில் சுவிட்ச் குறைந்த வெப்பத்தையே உணரும். எனவே ரேடியேட்டரின் மேல்தொட்டியில், குழாய்களின் மட்டத்துக்கு மேலே ஓர் அளவுச் சென்சார் கட்டாயம் வேண்டும். கூடுதல் நீருக்கான பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்துப் பயனில்லை. ரேடியேட்டர் காலியான பிறகும் பாட்டிலில் நீர் இருக்கக்கூடும். ரிக் வண்டி சாய்வான நிலத்தில் ஜாக்கியின் மேல் நிற்பது உண்டு என்பதால், சென்சாரைத் தொட்டியின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். மேல்தொட்டியில் துளையிட்டுப் பற்றவைக்கும் வேலையை ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து, அழுத்தச் சோதனையும் செய்து வாங்குங்கள்.

சோலனாய்டு

என்ஜினை நிறுத்தும் சோலனாய்டு இரு வகைப்படும். ஒன்று மின்சாரம் இருக்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, மின்சாரம் போனதும் நிறுத்துவது. மற்றொன்று மின்சாரம் கொடுத்தால்தான் நிறுத்துவது. ஒரே இடத்தில் நிற்கும் ஜெனரேட்டருக்கு முதல் வகையே மேலானது. சாலையில் ஓடவேண்டிய லாரிக்கு நான் இரண்டாம் வகையையே பரிந்துரைப்பேன். ஏனெனில் முதல் வகையில் ஒரு ஃபியூஸ் போனாலும் நெடுஞ்சாலை நடுவில் என்ஜின் நின்றுவிடும். இரண்டாம் வகையின் குறை, ஒயர் அறுந்தால் அது நிறுத்தாது என்பது. அந்தக் குறையைப் பின்னால் சொல்லப்படும் தினசரிச் சோதனையால் ஈடுகட்டலாம்.

முதலில் பம்ப்பின் ஸ்டாப் லீவர் முழுமையாக நகரும் தூரத்தை அளந்து, அதை நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்பதை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள். அந்த விசையைப்போல் இருமடங்கு இழுக்கக்கூடிய சோலனாய்டைத் தேர்ந்தெடுங்கள். பிளஞ்சர் (சோலனாய்டுக்குள் இழுபடும் தண்டு) வெளியே நீண்டிருக்கும் நிலையில் சோலனாய்டின் இழுவிசை மிகக் குறைவு என்பதால், தொடக்க நிலையின் விசையைத்தான் பார்க்க வேண்டும்.

பொருத்தும்போது மூன்று விஷயங்களில் கவனம் சிதறக் கூடாது. பிளஞ்சரும் லீவரும் ஒரே நேர்கோட்டில் இழுபட வேண்டும். சாய்ந்தால் பிளஞ்சர் ஒருபக்கம் உரசித் தேய்ந்து சிக்கிக்கொள்ளும். பிளஞ்சர் அடிவரை முழுமையாகச் சென்று அமர வேண்டும், ஒரு மி.மீ. குறைந்தாலும் கீழே சொல்லப்படும் தாங்கும் சுருளால் பிடித்துவைக்க முடியாது. அடுத்து, மின்சாரம் இல்லாதபோது லீவர் தங்குதடையின்றி ஓட்ட நிலைக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் என்ஜின் இழுவை குறையும், காரணம் தெரியாமல் மெக்கானிக் ஃபில்டரையும் நாசிலையும் மாற்றிக்கொண்டிருப்பார். பழைய கைக்கேபிள் ஸ்டாப்பைக் கழற்றாதீர்கள். இணைப்புக் கம்பியில் நீள்துளை வைத்தால், சோலனாய்டும் கேபிளும் ஒன்றையொன்று தடுக்காமல் தனித்தனியே லீவரை இழுக்கும். பிளஞ்சரின் மேல் ரப்பர் உறை இல்லாமல் ரிக் வண்டியில் எதையும் பொருத்தக் கூடாது. கல்தூள் புகுந்தால் எந்தச் சோலனாய்டும் தாக்குப்பிடிக்காது.

இத்தகைய சோலனாய்டுகளில் பெரும்பாலும் இரு சுருள்கள் இருக்கும். இழுக்கும் சுருள் 24 வோல்ட்டில் 20 முதல் 30 ஆம்பியர்வரை எடுக்கும். தாங்கும் சுருள் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். இழுக்கும் சுருளுக்கு ஓரிரு நொடிக்கு மேல் மின்சாரம் போனால் அது கருகிவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் தடுக்காது, ஏனெனில் அதன் வழியே செல்வது 25 ஆம்பியர்தான். எனவே இழுக்கும் சுருளைக் கால அளவுள்ள ரிலே வழியாக ஒரு நொடி மட்டும் இயக்கி, தாங்கும் சுருளை 30 நொடி வைத்திருக்க வேண்டும். என்ஜின் முழுவதும் நிற்பதற்குள் விட்டுவிட்டால், சுழற்சியின் வேகத்திலேயே அது மீண்டும் பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கும்.

மின் இணைப்பு

இழுக்கும் சுருளுக்கான மின்சாரத்தைச் சாவிச் சுவிட்சிலிருந்து எடுக்காமல், பேட்டரியிலிருந்து நேராக 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவாருங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முந்தைய ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ரிலேயின் 87ஆம் முனையிலிருந்து சோலனாய்டுக்கும், அங்கிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கும் 4 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று கொண்டால், 25 ஆம்பியர் செல்லும்போது 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் ஏறத்தாழ 3 வோல்ட் இழப்பு. 4 சதுர மி.மீ. ஒயரில் 1.1 வோல்ட் மட்டுமே. பேட்டரி தளர்ந்த நாளில் இந்த 2 வோல்ட் வேறுபாடே பிளஞ்சர் அமருமா அமராதா என்பதைத் தீர்மானிக்கும். எர்த்துக்குச் சேஸிஸை மட்டும் நம்பவேண்டாம். துருவும் பெயிண்ட்டும் சேர்ந்து எத்தனையோ வண்டிகளை ஏமாற்றியிருக்கின்றன.

கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, சாவி போட்டதும் மின்சாரம் வரும் 15ஆம் முனையிலிருந்து எடுங்கள். சோலனாய்டின் ஒவ்வொரு சுருளுக்கும் குறுக்கே, கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு ஒரு டயோடை இணையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் கணத்தில் சுருளில் எழும் உயர் வோல்ட்டேஜ் கருவியைக் கெடுக்காமல் அது தடுக்கும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றிவிடாமல், லக் வைத்து கிரிம்ப் செய்து, வெப்பத்தால் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும் எண் ஒட்டி, அதே எண்களுடன் ஒரு வரைபடத்தைக் கருவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். பழுது வரும்போது வண்டி மத்தியப் பிரதேசத்திலோ ஒடிசாவிலோ இருக்கலாம். உங்களை அறியாத ஓர் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்.

கருவியைக் கேபினுக்குள் இருக்கைக்குப் பின்னால் ரப்பர் தாங்கிகளின் மேல் வைப்பது நல்லது. வெளியே வைத்தே ஆக வேண்டுமானால், ரப்பர் கேஸ்கெட் உள்ள பெட்டியில், ஒயர்கள் அடிப்பக்கமாக நுழையும்படி வையுங்கள். ரிக் வண்டியில் ஆர்க் வெல்டிங் அன்றாட வேலை. வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையையும் கருவியின் பிளக்கையும் கழற்ற வேண்டும் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

எத்தனை நொடி பொறுப்பது

ஸ்டார்ட் செய்த உடனே ஆயில் பிரஷர் இருக்காது. 15 நொடிக்குள் பிரஷர் வராவிட்டால் நிறுத்த வேண்டும் என்பது கம்மின்ஸின் அறிவுரை. ஆகவே தொடக்கத்தில் 15 நொடி அமைப்பு பொறுத்திருக்கட்டும். அதன் பிறகு பிரஷர் குறைந்தால் 2 நொடி, அதற்கு மேல் இல்லை. கூலன்ட் அளவுக்கு 5 நொடி போதும். அதிர்வில் நீர் அலம்புவதால் வரும் பொய் சிக்னலை அது வடிகட்டிவிடும்.

வெப்பத்தின் கதை வேறு. வெப்பம் படிப்படியாக ஏறுவது. ஏறும்போதே ஆபரேட்டரிடம் சொல்லிவிட வேண்டும். 97 டிகிரியில் ஆபரேட்டர் பக்கத்துச் சிவப்பு விளக்கு சுழலட்டும், ஹாரன் ஒலிக்கட்டும். அவர் காற்றை விட்டுக் குழியைச் சுத்தம் செய்து, ஹேமரை அடியிலிருந்து தூக்கி, சுமையை இறக்கி, என்ஜினை ஐடிலுக்குக் கொண்டுவருவார். பெரும்பாலும் அதிலேயே வெப்பம் தணியும். முழுச் சுமையில் கொதிக்கும் டர்போ என்ஜினைச் சட்டென நிறுத்துவதும் கேடுதான். டர்போவின் உள்ளே தேங்கிய ஆயில் கருகிப் படியும். அப்படியும் 103 டிகிரியை எட்டினால் 30 நொடி கழித்து அமைப்பு நிறுத்தட்டும். இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்று ஆபரேட்டர் கருதினால் அழுத்துவதற்கு ஒரு பொத்தானைக் கொடுக்கலாம். அது விரலை எடுத்ததும் திரும்பிவிடும் பொத்தானாகவும், ஒருமுறைக்கு 60 நொடி மட்டும் தருவதாகவும் இருக்க வேண்டும். ஆயில் பிரஷருக்கும் கூலன்ட் அளவுக்கும் அந்தப் பொத்தான் செல்லுபடியாகக் கூடாது.

என்ஜின் நின்ற பிறகு ஆயில் பிரஷர் இயல்பாகவே பூஜ்யத்துக்கு இறங்கும் என்பதால், எல்லா விளக்குகளும் எரிந்து உண்மைக் காரணம் மறைந்துபோகும். முதலில் வந்த பழுதின் விளக்கை மட்டும் பிடித்துவைத்து, கையால் அழிக்கும்வரை காட்டும் வசதி கருவியில் உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

காற்றை அடைக்கும் வால்வு

டீசலை நிறுத்தினால் என்ஜின் நிற்கும் என்பது எப்போதும் உண்மையல்ல. டர்போவின் சீல் போய் ஆயில் காற்றுக் குழாய்க்குள் கசிந்தாலும், ஆயில் பாத் ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும், சுற்றிலும் எரியும் வாயு பரவியிருந்தாலும், என்ஜின் அதையே எரிபொருளாகக் கொண்டு கட்டுமீறி ஓடும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியிலுள்ள பி.பி. சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்தில், வாயு மேகத்துக்குத் தீ வைத்தது அருகில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் பிக்கப் வண்டியின் என்ஜினாக இருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது. வாயுவை உறிஞ்சிய அந்த என்ஜின் வேகமெடுத்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

இந்த நிலையில் காற்றை அடைப்பது ஒன்றே வழி. அதற்கான வால்வை இன்டேக் மேனிஃபோல்டுக்கு இயன்றவரை அருகில், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் பின்னால் வைக்க வேண்டும். டர்போவுக்கு முன்னால் வைத்தால், அடைத்ததும் உண்டாகும் வெற்றிடம் டர்போ சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே எந்தக் கிளைக் குழாயும், காற்றுக் கசிவும் இருக்கக் கூடாது. வேக வரம்பை, சுமையில்லாத உச்ச வேகத்துக்கு மேல் 15 சதவீதம் என்று வையுங்கள். அதோடு ஆபரேட்டர் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இழுப்புக் கேபிளும் இருக்கட்டும். இந்த வால்வை அன்றாட நிறுத்தத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை ஐடிலில் மட்டும் சோதியுங்கள். கட்டுமீறி ஓடும் என்ஜினின் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. காற்று நுழையும் வாயைக் கையாலோ துணியாலோ அடைக்க முயலவே கூடாது.

பெட்ரோலிய டேங்கர் லாரிகளுக்கு இந்த வால்வு மிகவும் ஏற்றதுதான். ஆனால் அவை பெட்ரோலிய விதிகள், 2002-இன் கீழ் உரிமம் பெற்றவை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் குறித்துக் கேட்டறியாமல் அவற்றில் ஒரு ஒயரும் சேர்க்கவேண்டாம்.

சோதனை

பொருத்தி முடித்ததும் வண்டியை ஒப்படைத்துவிடக் கூடாது. முதலில் என்ஜின் ஓடாத நிலையில் சாவியை மட்டும் போட்டு, சோலனாய்டை இயக்கி, பிளஞ்சர் அமர்கிறதா, விடுகிறதா என்று பலமுறை பாருங்கள். தாங்கும் சுருளின் மின்னோட்டத்தைக் கிளாம்ப் மீட்டரால் அளங்கள். அது ஒரு ஆம்பியருக்குள் இறங்காவிட்டால் இழுக்கும் சுருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பி.டி.ஓ.வைப் போட்டு, பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தபின் ஒவ்வொரு சென்சாரின் ஒயரையும் தனித்தனியே கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் என்ஜின் நிற்க வேண்டும். 1.4 பார் சுவிட்சின் ஒயரை மட்டும், ஐடிலில் அது கணக்கில் வராததால், என்ஜின் 1,500 சுற்றுகளைத் தாண்டிய நிலையில் கழற்றிப் பாருங்கள். எடுத்துக்கொண்ட நொடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ.வை எடுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது ஹாரன் மட்டும் ஒலித்து, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாலையில் உயிரைக் காப்பது அதுதான்.

வெப்பச் சுவிட்சைக் கொதிநீரில் சோதித்தால் 100 டிகிரிவரைதான் பார்க்க முடியும். 103 டிகிரி எல்லையைச் சரிபார்க்க, சுவிட்சைக் கழற்றிச் சமையல் எண்ணெயில் தெர்மாமீட்டருடன் சேர்த்து மெதுவாகச் சூடாக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நீர்த்துளி படாத இடத்தில் செய்யுங்கள். பிரஷர் சுவிட்சைக் கைப்பம்ப்பும் மீட்டரும் கொண்டு அழுத்தி, மெல்ல இறக்கி, எந்த எண்ணில் தொடர்பு அறுகிறது என்று பாருங்கள். உறையில் அச்சிட்ட எண்ணை நம்பிவிட வேண்டாம்.

இனி அன்றாட வழக்கம். வேலை முடிந்ததும் என்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பி.டி.ஓ.வை எடுக்கும் முன், சாவியால் நிறுத்தாமல் கருவியிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பொத்தான் சோலனாய்டை மட்டும் தூண்டுவதாக இல்லாமல், ஆயில் பிரஷர் ஒயரைத் துண்டிப்பதாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் கருவி, ரிலே, ஃபியூஸ், சோலனாய்டு, லீவர் ஆகிய முழுச் சங்கிலியும் நாள்தோறும் சோதிக்கப்படும். பொத்தானுக்கு என்ஜின் நிற்கவில்லை என்றால் மறுநாள் வேலைக்கு முன் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

வெப்பத்தால் என்ஜின் நின்ற நாளில் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பாய்ந்து வெந்துபோகும். ஹெட்டின் மேலோ, காலியான ரேடியேட்டருக்குள்ளோ குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பழுதின் விளக்கு எதைக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் பிரஷரால் நின்றிருந்தால், டிப் ஸ்டிக்கில் ஆயில் இருந்தாலும், கைமீட்டரை மாட்டி அழுத்தத்தைப் பார்க்காமல் சுமை ஏற்ற வேண்டாம். ஆயில் ஹோஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சோலனாய்டின் ரப்பர் உறையை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் கழற்றித் துடைத்து, லீவர் இணைப்புகளுக்கு இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். பம்ப்பைக் கழற்றி காலிபிரேஷனுக்கு அனுப்பி மாட்டிய ஒவ்வொரு முறையும், பிளஞ்சர் அடிவரை அமர்கிறதா என்பதைப் புதிதாகப் பொருத்தியதுபோலவே மறுபடி அளந்து பாருங்கள்.